ஊறல் அக்காவும் வெட்டுற மெஷினும்

வாரத்தில் ஒரு நாள் காலையில், எலும்பு ஆஸ்பத்திரியின் பின்பக்க வராந்தா முழுக்கக் கைக்குழந்தைகளாக இருக்கும். எல்லாம் பாதம் உள்பக்கமாகத் திரும்பிப் பிறந்த குழந்தைகள். டாக்டரம்மா அந்தப் பாதத்தைக் கையாலேயே மெல்லக் கொஞ்சம் திருப்பி, விரல் நுனியிலிருந்து தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு அனுப்புவார். அடுத்த வாரம் அதைக் கழற்றிவிட்டு, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடியும் கட்டு. இப்படிச் சில வாரம் போனால், முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த பாதம் சமாதானமாகி நேரே பார்க்கும்.

கட்டுப் போடுவது டாக்டரம்மாவின் வேலை. கழற்றுவது கட்டு ரூம் அக்காவின் வேலை. போடுகிறவருக்குக் கும்பிடு கிடைக்கும். கழற்றுகிறவருக்கு, குழந்தை ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த வாடை கிடைக்கும்.

வேலை என்னவோ எளிதுதான். அகலமான பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர். தாய் முக்காலியில் உட்கார்ந்து மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு பால் கொடுப்பாள். கட்டுப் போட்ட கால் தண்ணீரில் ஊறும். அக்கா எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கட்டைத் தடவித் தடவி, துணி முடிகிற நுனியைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். அப்புறம் நாடாவை அவிழ்ப்பதுபோல அவிழ்ந்துகொண்டே வரும். தண்ணீர் பால்போல வெளுக்கும். குழந்தை ஒரு வேளைப் பால் குடித்து முடிப்பதற்குள், நடந்தது இன்னதென்றே தெரியாமல், கால் வெளியே வந்துவிடும்.

இதில் அக்காவுக்கு இரண்டு குறை. ஒன்று, விரல்கள் எந்நேரமும் ஊறிச் சுருங்கியே இருக்கும். மற்றது அவருக்கு விழுந்த பெயர். "ஊறட்டும், ஊறட்டும், நல்லா ஊறினாத்தான் வரும்" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்ததில், தாய்மார்கள் அவருக்கு 'ஊறல் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"அது கள்ளச் சாராயம் காய்ச்சுறவங்க கிட்ட போலீஸ் பிடிக்கிற சாமான்மா. அதைப் போய் எனக்கு வைக்கிறீங்களே!" என்று அவர் எத்தனையோ தடவை சண்டை பிடித்துப் பார்த்தார். பெயர் ஒட்டியது ஒட்டியதுதான். அது மட்டும் எந்தத் தண்ணீரிலும் ஊறவில்லை.

இதோடு போயிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். வீட்டில் ஓரகத்தி ஒருத்தி இருந்தாள், கணவருடைய தம்பி மனைவி. வேறொரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, நோயாளியின் வயிற்றில் பசையைத் தடவி, பிறகு அதைத் துடைத்துவிடுவது அவள் வேலை. ஆனால் மெஷின் பக்கத்தில் நிற்கிறாள் அல்லவா? குடும்பம் கூடுகிற இடத்திலெல்லாம் அவள் 'டெக்னீஷியன்'. அக்காவைப் பற்றி யாராவது கேட்டால், அவருடைய கணவரே முந்திக்கொள்வார்:

"இவளா? பச்சைக் குழந்தைங்களுக்குக் கால் கழுவி விடுறா."

கணவர் நல்ல மனிதர்தான். லாரி கம்பெனி ஒன்றில் சரக்கு பார்க்கும் வேலை. கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, வாயைத் தவிர.

அக்கா யோசித்தார். தனக்கும் ஒரு மெஷின் வேண்டும். மாவுக்கட்டை வெட்டுகிற மெஷின் என்று ஒன்று இருப்பதை அவர் பார்த்திருக்கிறார். கைப்பிடி, வயர், சக்கரம் மாதிரி ஒரு பிளேடு, பயங்கரமான சத்தம். நேரே டாக்டரம்மாவிடம் போனார்.

"டாக்டரம்மா, நமக்கு ஒரு வெட்டுற மெஷின் வாங்கணும்."

"எதுக்குக்கா? குழந்தைங்க சத்தத்துக்கே பயந்து கத்தும். தோல் வேற பூ மாதிரி இருக்கும். ஊற வைக்கிறதுதான் இதுங்களுக்கு நல்லது. உங்க கை இருக்கும்போது மெஷின் எதுக்கு?"

டாக்டரம்மா சொன்னது அப்பட்டமான உண்மை. அது உண்மை என்று அக்காவுக்கும் தெரியும். அதனால்தான் கோபம் இன்னும் ஜாஸ்தியாக வந்தது. 'இவங்களுக்கென்ன, பேருக்கு முன்னாடி டாக்டர்னு இருக்கு' என்று முணுமுணுத்துக்கொண்டே, மாடியில் இருந்த நிர்வாகியிடம் போய்ப் போட்டுக்கொடுத்தார்.

நிர்வாகி பிழைக்கத் தெரிந்தவர். ஆஸ்பத்திரிக்கு எது தேவை என்பதைவிட, எதைத் திறந்துவைக்கலாம் என்பதில்தான் அவருக்கு ஆர்வம். சொன்னதும் கண் மின்னியது.

"ஆமாம்மா! தண்ணித் தொட்டியை யாரு வந்து திறந்துவைப்பாங்க? மெஷின்னா அதுல ஒரு இது இருக்கு."

அந்த 'இது' என்னவென்று அவர் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நாளிலேயே ஒரு மெத்தை வியாபாரியைப் பிடித்துவிட்டார். மெத்தை முதலாளி மெஷினை நன்கொடையாகக் கொடுப்பது, அவரே வந்து முதல் கட்டை வெட்டித் தொடங்கிவைப்பது, போட்டோ எடுப்பது என்று எல்லாம் பேசி முடிந்தது. "ஒரே ஒரு நாள், நாங்க கூடவே இருக்கோம்" என்று டாக்டரம்மாவையும் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தார்கள்.

"ஆனா ஒண்ணு. கட்டுக் கழற்ற வந்த பெரிய குழந்தை இருந்தா மட்டும் வெட்டலாம், அதுவும் வெட்டுறவர் கையை நான் பிடிச்சுக்கிட்டாத்தான்" என்றார் டாக்டரம்மா.

விழா நாள் வந்தது. அக்கா புதுச் சேலை கட்டிக்கொண்டு, இருட்டு பிரிவதற்கு முன்பே வந்துவிட்டார். விருந்தினர் வருகிற இடம் வாடை அடிக்கக் கூடாது, பழைய அழுக்குக் கட்டுகள் போட்டோவில் விழக் கூடாது என்கிற அக்கறையில், வந்த குழந்தைகளையெல்லாம் வரிசையாக ஊறவைத்து மளமளவென்று கழற்றித் தள்ளினார். டாக்டரம்மாவும் உட்கார்ந்து புதுக் கட்டுகளைப் போட்டு முடித்தார். வராந்தா முழுக்கப் பளிச்சென்று வெள்ளைக் கால்கள்.

நிர்வாகி வந்து பார்த்து மகிழ்ந்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"ஏம்மா, அப்போ அவர் எதை வெட்டுவாரு?"

அக்காவுக்கு வியர்த்துவிட்டது. வெட்டுவதற்கு ஒரு பழைய கட்டுகூட மிச்சமில்லை. இத்தனை வருடத்தில் தன் வேலையை இவ்வளவு சுத்தமாக அவர் செய்ததே இல்லை.

"புதுசுல ஒண்ணை வெட்டிட்டுத் திரும்பப் போட்டுடலாமே?" என்றார் நிர்வாகி.

டாக்டரம்மா நிமிர்ந்தார். ஒரு பார்வை பார்த்தார். நிர்வாகி தன் கேள்வியைத் தானே வாபஸ் வாங்கிக்கொண்டார். அவர் கண் வராந்தாவைச் சுற்றியது. முன்வரிசை நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டையும் தலைக்குச் சாயமுமாக ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மனைவி போட்டோவில் வரப்போவதைப் பார்க்க லீவு போட்டுவிட்டு வந்திருந்த அக்காவின் கணவர்தான்.

"சார், உங்க காலைக் கொஞ்ச நேரம் கொடுக்க முடியுமா?"

"எதுக்குங்க?"

"போட்டோவுல வரும்."

கணவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. எந்தக் கால் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "தானா வந்து காலை நீட்டுறவரை நான் என்ன சொல்றது? பஞ்சு மட்டும் நிறைய வைங்கக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா அதுவரை கட்டுப் போட்டதே கிடையாது, கழற்றியதோடு சரி. கிடைத்த வாய்ப்பை விடுவாரா? பஞ்சைச் சுற்றினார். அதன்மேல் மாவுத் துணியை நனைத்து நனைத்துச் சுற்றினார். கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும் தெரியவேண்டும் என்று நிர்வாகி சொன்னதால் இன்னும் இரண்டு சுற்று. ஓரகத்திக்கு இந்த போட்டோவைக் காட்டவேண்டும் என்பதற்காக மேலும் நாலு சுற்று. குழந்தைகளுக்குப் போடுவதுபோலவே முழங்காலை மடக்கி, தொடைவரைக்கும் ஏற்றிவிட்டார். பந்தை உதைக்கப் போய்ப் பாதியில் நின்றுவிட்ட சிலைபோல உட்கார்ந்திருந்தார் கணவர்.

"ஏய், என்னவோ சுடுதுடி."

"மாவு இறுகும்போது அப்படித்தாங்க இருக்கும். பச்சைக் குழந்தைங்களே பொறுத்துக்குது, உங்களுக்கென்ன?"

மெத்தை முதலாளி வருவதாகச் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. பெரிய மனிதர்கள் அப்படி வரவும் மாட்டார்கள். அவர் வந்து சேர்வதற்குள் கட்டு இறுகிக் கல்லாகிவிட்டது.

வந்ததும் மைக்கைப் பிடித்தார். "கால் நல்லா இருந்தாத்தான் மனுஷன் கட்டில்ல ஏற முடியும். கட்டில்ல ஏறினாத்தான் மெத்தையோட அருமை தெரியும்" என்று ஆரம்பித்து, பஞ்சு மெத்தை, ரப்பர் மெத்தை, ஸ்பிரிங் மெத்தை என்று ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார். குழந்தைகள் பாதிப் பேர் தூங்கிவிட்டன. அந்த வகையில் விழா வெற்றிதான்.

பிறகு மெஷினைக் கையில் கொடுத்தார்கள். முதலாளி பட்டனை அழுத்தினார்.

அந்தச் சத்தம்! மரம் அறுக்கிற பட்டறையே வராந்தாவுக்குள் வந்து விழுந்ததுபோல இருந்தது. தூங்கின குழந்தைகள் அத்தனையும் ஒன்றாக வீரிட்டன. பிளேடு கட்டைத் தொட்டதோ இல்லையோ, அவை எல்லாவற்றையும் மிஞ்சி ஒரு அலறல் கேட்டது. கணவர்தான்.

"ஐயோ என் கால்! யாராவது பிடுங்குங்க அதை!"

அந்த பிளேடு தோலை வெட்டாது, அதிரத்தான் செய்யும். அதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அலறலில் மிரண்டுபோன முதலாளி மெஷினைக் கீழே போட்டார். பிளேடு ஒரு பக்கம் தெறித்தது. வயர் பிடுங்கிக்கொண்டது. பிளக்கிலிருந்து புகை வந்து, மைக், மின்விசிறி, விளக்கு எல்லாம் ஒன்றாகச் செத்தன. சத்தம் அடங்கிய அந்த ஒரு கணத்தில் போட்டோகிராபர் படம் எடுத்து முடித்திருந்தார்.

"கைதட்டுங்க!" என்றார் நிர்வாகி. எல்லோரும் தட்டினார்கள். அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டதென்று முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார்.

மிச்சமிருந்தது கல்லாக இறுகின ஒரு காலும், அதன் சொந்தக்காரரும்.

சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டரம்மா, பெரியவர்கள் வார்டிலிருந்து கட்டு வெட்டும் கத்தரியைக் கொண்டுவரச் சொன்னார். கணவர் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கத்தி, கத்தரி எதுவும் என் பக்கத்துல வரக் கூடாது. சொல்லிட்டேன்."

"அப்புறம் எப்படிங்க எடுக்கிறது?" என்றார் அக்கா.

கணவர் தலையைக் குனிந்துகொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "நீ குழந்தைங்களுக்கு எப்படி எடுப்பியோ, அப்படி எடு."

பேசினில் அந்தக் கால் அடங்கவில்லை. துணி துவைக்கிற இடத்திலிருந்து பெரிய தொட்டியை உருட்டி வந்தார்கள். வெதுவெதுப்பாகத் தண்ணீர் நிரப்பி, கணவரை முக்காலியில் உட்காரவைத்து, காலை உள்ளே இறக்கினார்கள். கிளம்பவேண்டிய தாய்மார்கள் ஒருத்தரும் கிளம்பவில்லை. பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றி நின்று ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

"அக்கா, வாயில ஏதாவது கொடுங்க. குடிச்சுக்கிட்டே இருந்தா அழமாட்டாரு."

டீ வந்தது. அது ஆறுவதற்குள் பிஸ்கட்டும் வந்தது. ஒரு தாய் தன் குழந்தையின் கிலுகிலுப்பையை நீட்டினாள். அதை மட்டும் அவர் வாங்கவில்லை.

அக்கா தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அளவில்லாமல் சுற்றினது தானே என்பதால் யாரையும் திட்டவும் முடியவில்லை. ஊறவைத்து, தடவி, அழுத்தி, மறுபடியும் ஊறவைத்தார். நுனி அகப்படவே இல்லை. மற்றக் கட்டுகளில் டாக்டரம்மா நுனியைக் கொஞ்சம் தூக்கி மடித்துவைப்பார், கழற்ற வசதியாக. இத்தனை வருடம் அதைப் பிடித்து இழுத்தவருக்கு, தான் போட்ட கட்டில் அதை மடித்துவைக்கத் தோன்றவில்லை.

"தெனமும் இப்படியா குந்திக்கிட்டு இருக்கே?" என்றார் கணவர், டீக்கு நடுவில்.

"வாரத்துல ஒரு நாள்தான் இந்தக் கூட்டம். அன்னைக்கு முழுக்க."

"முதுகு வலிக்காதா?"

"வலிக்கும்."

"வீட்டுல சொன்னதே இல்லையே."

"நீங்க என்னவோ கால் கழுவுறான்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. கால் கழுவினா முதுகா வலிக்கும்னு விட்டுட்டேன்."

சுற்றி நின்ற தாய்மார்கள் சிரித்தார்கள். கணவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அந்த நேரத்தில் நுனி அகப்பட்டது. சுற்று சுற்றாக அவிழ்ந்து, தொட்டித் தண்ணீர் முழுக்க வெளுத்து, கடைசியில் நனைந்த பஞ்சுக்குள்ளிருந்து கால் வந்தது. வெளிறி, சுருங்கி, முடியெல்லாம் ஒட்டிக்கொண்டு, பிறந்த குழந்தைபோல. அக்கா பழக்கதோஷத்தில் அதைத் துண்டால் ஒற்றி, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, "ஆச்சுடா தங்கம், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து கணவரிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

மெஷின் பிழைக்கவில்லை. அதை முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அதைவிடப் பெரிய பலகையில் மெத்தை முதலாளியின் பெயரை எழுதிவிட்டார் நிர்வாகி. ஆஸ்பத்திரி மலரில் படம் வந்தது: முதலாளி, அவர் கையில் இல்லாத மெஷின், வாயைப் பிளந்தபடி கணவர். அடியில், 'நவீன சிகிச்சையால் நெகிழ்ந்துபோன பயனாளி'. அக்காவின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. ஓரகத்தி அதைப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாளே ஒழிய, முழங்கையைப் பற்றிக் கேட்கவில்லை.

இதற்குப் பிறகு ஒரு மாற்றம். வாரா வாரம் அந்த ஒரு நாள், மதியச் சாப்பாட்டைக் கணவரே எடுத்துக்கொண்டு வரத் தொடங்கினார். கொடுத்துவிட்டுப் போகாமல், வராந்தா பெஞ்சில், கவலையோடு உட்கார்ந்திருக்கிற தகப்பன்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வார்.

"பயப்படாதீங்க தம்பி. நானே இங்க கட்டுப் போட்டு இருந்தவன்தான். தொடை வரைக்கும்."

"உங்களுக்கும் இதே பிரச்சினையா சார்?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம். அவர் சொல்லமாட்டார். பெருமூச்சு ஒன்று விடுவார்.

"என்ன சொல்றது தம்பி. சுடும், பொறுத்துக்கணும். ஊற வைப்பாங்க, பொறுத்துக்கணும். உள்ள இருக்காங்களே ஒரு அக்கா, அவங்க கைராசி அப்படி."

"இப்போ நேரா இருக்குங்களா?"

கணவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, காலை நீட்டி, பாதத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காண்பிப்பார். தகப்பன்கள் குனிந்து குனிந்து பார்ப்பார்கள். ஒருவர் தொட்டே பார்த்தார். பார்த்துவிட்டு, மடியில் இருந்த தன் மகளின் வெள்ளைக் காலைத் தடவிக்கொண்டு, அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

உள்ளே பேசினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு இதெல்லாம் கேட்கும். எழுந்து போய், 'இந்த மனுஷன் பிறந்ததிலிருந்து நேரான காலோடதான் சுத்துறாரு' என்று போட்டு உடைத்துவிடலாமா என்று வாய்வரைக்கும் வரும். ஆனால் கை நனைந்திருக்கும். எதிரே தாயின் மடியிலிருக்கிற குழந்தைக்குப் பால் தீர்ந்துகொண்டிருக்கும்.

"ஊறட்டும், விடு" என்பார், தாய் எதுவும் கேட்காமலே.