பீன்ஸைக் குவித்து வைத்த கதை

ஒரகடத்தில், இரும்புப் பாகங்களுக்குப் பெயின்ட் அடித்து, பெரிய ஓவனில் காயவைக்கும் கம்பெனியில் எட்டு வருடமாக இருக்கிறேன். என்னிடம் வேலை பழகிய ஸ்டெல்லா ஒருநாள் ஓவனில் வாட்டிய பீன்ஸ் கொண்டுவந்தாள். பூண்டு மணக்க, மொறுமொறுவென்று இருந்தது. வழக்கமாக என் டப்பாவைச் சுற்றி நிற்கும் பெண்களெல்லாம் அவள் பக்கம் போய்விட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அவளிடம் போய்ச் செய்முறை கேட்பதா? ஞாயிற்றுக்கிழமை, கழுவிய ஈரத்தோடு ஒரு கிலோ பீன்ஸைத் தட்டில் குவித்து ஓவனில் வைத்தேன். கொழகொழவென்று வெந்துபோனது.

"இன்னா இது, ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி கீது?" என்றார் கணவர்.

மறுநாள் வேறு வழியின்றி அவளிடமே கேட்டேன். ஸ்டெல்லா சிரித்துவிட்டாள்.

"இன்னாக்கா நீங்க! பார்ட்ஸ்ல ஈரம் இருக்கக் கூடாது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம கொக்கில மாட்டுனாதான் ஓவன்ல அனல் சுத்தி வரும்னு பெயின்ட் லைன்ல நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? வூட்லயும் அதையேதான் செய்யறேன்."

இப்போது பீன்ஸைத் துணியால் துடைத்து, எண்ணெய், உப்பு, தட்டிய பூண்டு பிசறி, இடைவெளி விட்டுப் பரப்புகிறேன். மொறுமொறுப்பாகவே வருகிறது. ஆனாலும் சாப்பாட்டு மணி அடித்தால், ஸ்டெல்லா கை கழுவி வருவதற்குள் என் டப்பாவைத் திறந்து வைத்துவிடுகிறேன்.