கரடி முடித் தாயத்து

நாங்கள் அப்போது பூந்தமல்லி பக்கம் நூம்பலில் குடியிருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. எட்டு மாதத் தம்பி தூளியில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழுவான். கரடி முடி கட்டினால் பயம் அண்டாது என்று அத்தை, அப்பாவின் அக்கா, கோயில் வாசலில் தாயத்து வாங்கி, அம்மன் பாதத்தில் வைத்து எடுத்து வந்து, கறுப்புக் கயிற்றில் கோத்து அவன் இடுப்பில் கட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தம்பி, என் மாமா, வந்திருந்தார். டிவியில் காட்டு மிருகங்களைக் காட்டினார்கள். பெரிய ஆண் கரடி ஒன்று தாய்க்கரடியை விரட்டிவிட்டு, குட்டியைப் பிடித்துத் தின்றது. தாய் தூரத்திலேயே நின்று பார்த்தது. கரடியே கரடியைத் தின்னுமா என்று மாமாவைக் கேட்டேன். அவர் வேர்க்கடலை மென்றுகொண்டே சொன்னார்.

"பசிச்சா துண்ணும் பாப்பா. யார் புள்ளனு அதுக்கு இன்னா தெரியும்? உன் தம்பி இடுப்புல கீதே, அதுவும் ஆம்பளக் கரடி முடிதான். பாத்துக்கோ."

அவருக்கு அது வேடிக்கை. நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். அம்மா துணி காயப்போட மாடிக்குப் போனதும் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினேன். தாயத்தைத் தெருக்கோடிச் சாக்கடையில் போட்டேன். கத்தரிக்கோலைத் தூளிக்கு அடியிலேயே விட்டுவிட்டேன். தம்பியைக் காப்பாற்றிய சந்தோஷத்தில் அன்று இரண்டு தட்டு சோறு தின்றேன்.

நான்காம் நாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது, ஜன்னி வந்தது. பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வரும்போது அம்மா மடியில் துணி சுற்றிக் கிடந்தான். மூளைக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னதை எங்கள் வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. அத்தை அவனுடைய வெறும் இடுப்பைத்தான் பார்த்தாள்.

"கவுறு எங்கடி? பெத்த புள்ளையயே முழுங்கிட்டியேடி."

நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"நாந்தான் அண்ணி. குளிப்பாட்டசொல்லோ வெட்டிப் போட்டேன்."

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம், கண் மூடும்வரை, பிள்ளையை முழுங்கினவள் என்ற பேரோடுதான் இருந்தாள். வளைகாப்பு, பேர் வைக்கிறது, எதிலும் அவளை முன்னால் நிற்க விடமாட்டார்கள். அப்பாகூட அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. விவரம் தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. தாயே கருமாரி, உனக்குச் சூடம் ஏற்றும்போதெல்லாம் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்?

அன்றைக்கு எனக்குத் தோன்றியதே வேறு. அழுத அழுகையில் அம்மாவுக்குப் புத்தி தடுமாறி, தான்தான் வெட்டினோம் என்று நினைத்துக்கொண்டாள், நாம் தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். தம்பியை எடுத்துக்கொண்டு போனதும், தெருப் பிள்ளைகளோடு பாண்டி ஆடப் போனேன்.