நைனா சொன்ன உ

“இப்போது சொன்னது யார்?” என்று போனுக்குள்ளிருந்து சென்செய் கேட்டார். ஜப்பானிய மொழியில் ஆசிரியரை அப்படித்தான் அழைக்க வேண்டும். சொன்னது நான் இல்லை. வகுப்பு தொடங்கியதிலிருந்து அந்த ஒரே ஒரு உகரத்தைத் தப்பும் தவறுமாகச் சொல்லி, கூடப் படிக்கிறவர்கள் முன்னால் என் மானம் போய்க்கொண்டிருந்தது. சொன்னவர் எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்த என் நைனா, அதாவது என் அப்பா. பக்கவாதத்தில் வலது கை கால் விழுந்து, வாய் ஒரு பக்கம் தொங்கிப்போய், மாதக்கணக்காக எங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தவர்.

நைனா பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஆந்திராவில், வடமாலபேட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்குத்தான் புரியும். புத்தூரில் மாங்காய் மண்டியில் ஏலம் கூறுவது அவர் வேலை. காய் கொண்டுவரும் விவசாயிகளுக்குத் தெலுங்கு, வேலூர் பக்கமிருந்து லாரியோடு வந்து நிற்கும் வியாபாரிகளுக்குத் தமிழ், இரண்டும் ஒரே மூச்சில் வரும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருப்பவருக்கும் விலை கேட்கும். வீட்டுக்கு வந்தாலும் அந்தத் தொண்டை இறங்காது. ரகசியம் என்று அம்மாவிடம் அவர் சொன்னது எதுவும் எதிர்வீட்டுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. சின்ன வயதில் எனக்கு அது எரிச்சலாக இருக்கும். கொஞ்சம் மெதுவாகப் பேசக் கூடாதா என்று நான் கேட்டதையும் தெருவே கேட்கும்படி அம்மாவிடம் போய்ச் சொன்னவர் அவர்.

மாங்காய் வரத்து ஆரம்பிக்கும் நேரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாக விளக்கினார். மூளைக்குப் பேச்சு புரிகிறது, சொல்ல வேண்டியதும் தெரிகிறது, ஆனால் நாக்கும் உதடும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, பழக்கினால் திரும்பும் என்றார். தினமும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஆ, ஈ, ஊ என்று சத்தம் போட்டுப் பழக வேண்டும். வீட்டுக்கு வந்த அன்று நைனா ஒரே ஒரு முறை ஆ என்றார். வாயோரம் எச்சில் வழிந்து சட்டையில் விழுந்தது. இடது கையால் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு நானும் அம்மாவும் கெஞ்சினோம், திட்டினோம். அவர் வாயைத் திறக்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் அதைவிட மோசம். மண்டி ஆட்கள் வாசலில் நின்று, “அன்னா, பாகுன்னாவா?” என்று தெலுங்கில் நலம் விசாரிப்பதைக்கூடக் காது கேட்காதவரிடம் கேட்பதுபோலக் கத்துவார்கள். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். சொந்தக்காரர்கள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, “இட்லி துன்றாரா, கஞ்சிதானா?” என்று அம்மாவிடம் விசாரிப்பார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் பிரியத்தோடு வந்தவர்கள்தான். ஆனாலும் என் கண் எதிரிலேயே அவர் ஆள் என்கிற இடத்திலிருந்து இறங்கி, வீட்டில் ஒரு மூலையில் வைத்த சாமானாக மாறிக்கொண்டிருந்தார். இனிமேல் யாரும் அவரிடம் எதையும் கேட்கப்போவதில்லை என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. அவர் நடக்காமல் போய்விடுவாரோ என்றுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

அப்போது எனக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் வேலை. கார்களுக்குப் போகும் சின்னச் சின்ன பாகங்களில் குறை இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிற பிரிவு. ஆரம்ப நிலை ஜப்பானிய மொழி கற்றுத் தேறினால், ஒரு வருடப் பயிற்சிக்கு ஜப்பானுக்கே அனுப்புவதாகச் சொன்னார்கள். நான் பெயர் கொடுத்தேன். சாயங்காலம் கம்பெனி பஸ் சென்னை ரோட்டில் இறக்கிவிட்டதும் ஓடிவந்து முகம் கழுவிக்கொண்டு, அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு உட்காருவேன். வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் நைனாவின் நாற்காலிக்கு முன்னால் மட்டும்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

முதல் பாடம் உயிரெழுத்து. அ, இ, உ, எ, ஒ. அவ்வளவுதான், ஐந்தே ஐந்து. வரிசைகூட நம்முடையதுதான், நடுவில் இருக்கும் நெடில்களை மட்டும் எடுத்துவிட்டால் போதும். நான் படித்தது தெலுங்கு மீடியம், தமிழ் எழுத்து அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. இரண்டிலும் எகரம் ஒகரம் குறிலும் நெடிலும் உண்டு என்பதால், வகுப்பில் இருந்த வடநாட்டுப் பையன்கள் எகரத்தில் திணறியபோது நான் கொஞ்சம் கர்வமாகவே இருந்தேன். நெடிலுக்கு அவர்களுக்குத் தனி எழுத்து இல்லை. அகரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு அகரத்தை எழுதினால் ஆ. வெளிநாட்டுச் சொற்களை எழுதுகிற இன்னொரு எழுத்துவகையில் பக்கத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டால் நெடில். பஸ்ஸை அவர்களும் ‘பஸு’ என்று கடைசியில் ஒரு உவோடுதான் சொல்கிறார்கள் என்றபோது, நம் ஊர் பஸ்ஸுக்கு அங்கே ஒரு சொந்தக்காரர் இருப்பது தெரிந்தது. ஒவ்வொரு ஒலிக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்க வேண்டும், நெடிலுக்கு சரியாக இரண்டு பங்கு. சென்செய் மேஜையில் விரலால் தட்டிக் காட்டுவார், நாங்களும் தட்டிக்கொண்டு சொல்ல வேண்டும்.

சில நாள் போனதும் எனக்குப் பின்னால் ஒரு முனகல் கேட்டது. வலி என்று நினைத்துத் திரும்பினேன். நைனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய இடது கை விரல் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் தெரியாததுபோலத் திரும்பிக்கொண்டேன். அன்று சமையலறையில் அம்மாவிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. “ஊரையே கூவி வித்த மனுஷனுக்கு கொழந்த மாதிரி அ ஆ சொல்ல வெக்கமா இருக்காதா? இது உன் கம்பெனி வேல. வேலைக்கு உங்க நைனா என்னிக்கும் வெக்கப்பட்டதில்ல” என்றாள். டாக்டருக்கும் எனக்கும் புரியாதது அவளுக்கு முதல் நாளே புரிந்திருக்கிறது. அன்றிலிருந்து நான் வேண்டுமென்றே சத்தமாகவும் மெதுவாகவும் படிக்க ஆரம்பித்தேன்.

என்னை மாட்டிவிட்டது உகரம்தான். நம் ஊரில் உ சொல்லு என்றால் யாராக இருந்தாலும் உதட்டைக் குவிப்போம். ஜப்பானிய உவுக்கு உதட்டைக் குவிக்கக் கூடாது, இழுக்கவும் கூடாது, தளர்வாக விட்டுவிட வேண்டும். எனக்கு அது வரவே இல்லை. சென்செய் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார், நானும் விளக்கை ஊதி அணைக்கிறவளைப்போல ஊதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து அந்த உ வந்தது. தெளிவாக, தட்டையாக, சத்தமாக. சென்செய் சட்டென்று நிறுத்தி, சொன்னது யார் என்று கேட்டு, அதுதான், அதேதான் என்றார். நான் நகர்ந்து நைனாவைக் காட்டினேன். இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று அவரிடமே கேட்டார். நைனா என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், சொன்னார். போனில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் கைதட்டவில்லை. உதடு குவியாததால் அந்த ஒலி அவருக்கு வந்தது. நோய் கெடுத்த வாயைத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள். அது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பயந்துகொண்டே திரும்பினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், பாதி வாயால், தோள் குலுங்க. தன் உதட்டை விரலால் தொட்டுக் காட்டி, என் உதட்டையும் காட்டி, ‘உனக்கு இதுகூட வரலியா’ என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபிறகு அவர் முதல்முறை சிரித்தது அன்றுதான். அந்த மனசு எனக்கு இருந்திருக்குமா என்று இன்றுவரை தெரியவில்லை. ‘காது’, ‘பத்து’ என்று சொல்லும்போது கடைசியில் நம் வாயில் வருவதும் ஏறக்குறைய அந்த உதான் என்பது பிறகு ஒருநாள் பஸ்ஸில் எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தபோது தெரிந்தது. தனியாகச் சொல் என்றதும்தான் நான் உதட்டைக் குவித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மறுநாள் சென்செய்யிடம் நைனாவின் உடல்நிலையைச் சொன்னேன். அவர், நாளையிலிருந்து அப்பாவும் கேமராவில் தெரிகிற மாதிரி உட்காரட்டும் என்றார். மற்றவர்களைக் கேட்பதுபோலவே அவரையும் முறை வைத்துக் கேட்டார், தப்பு என்றால் தப்பு என்றார். நைனாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஒகரம்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. அதற்கு உதடு கொஞ்சமாவது குவிய வேண்டும். வாயின் தொங்கிய ஓரத்தை இடது கை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துண்டால் துடைத்துத் துடைத்து, காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை சொல்லிக்கொண்டே இருப்பார். எழுதவும் செய்தார். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் இடது கையால் ஜப்பானிய அ, இ, உவை あ, い, う என்று பெரிது பெரிதாக. தமிழிலோ தெலுங்கிலோ இடது கையால் எழுதச் சொன்னால் கோணல் எழுத்தைப் பார்த்துக் கசக்கிப் போட்டுவிடுவார். ஜப்பானிய எழுத்தில் அவருக்கு முன்பு நல்ல கையெழுத்து என்று ஒன்று இருந்ததில்லையே, வெட்கப்பட என்ன இருக்கிறது?

அப்பாவுக்கு ஜப்பானிய மொழியில் ‘ஒதோசான்’. அதில் ‘தோ’ நெடில். எழுதும்போது ‘தொ’வுக்குப் பிறகு ஒரு உவைப் போட வேண்டும், ஆனால் அந்த உவை வாயால் சொல்வதில்லை, அது முன்னால் இருப்பதை நீட்டிவிட்டு சும்மா இருக்கும். அப்பா என்கிற சொல்லுக்குள்ளேயே பேசாமல் ஒருத்தர் உட்கார்ந்துகொண்டிருக்கிறார் பாருங்கள் என்று நான் சொன்னேன். நைனா முறைத்துவிட்டு, என்னை முந்திக்கொண்டு அந்தச் சொல்லை முழுதாகச் சொன்னார். காலையில் தெருவில் கேட்கும் இந்தச் சத்தத்தைக் கேட்டு எதிர்வீட்டு அத்தை, இவருக்கு யாராவது மந்திரம் உபதேசம் பண்ணியிருக்கிறார்களா என்று அம்மாவிடம் விசாரித்தாள். ஜப்பான் சாமியார் ஒருத்தர் போனில் வருகிறார் என்று அம்மா சிரிக்காமல் சொல்லிவிட்டாள்.

இப்போது ஜப்பானில் நான் இருக்கும் ஊரில் கடைக்காரரும் பஸ் டிரைவரும் அந்த உவை நாள் முழுக்கச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். கேட்கும்போதெல்லாம் நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். நான் இங்கே வந்து சேர்ந்ததற்குத் தேர்வில் தேறியது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

நான் தேறிவிட்டேன், ஜப்பானுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நைனாவின் அண்ணன், என் பெரியப்பா, சத்தியவேட்டிலிருந்து வந்துவிட்டார். நல்ல மனிதர். நைனா படுத்ததிலிருந்து எங்களைத் தாங்கியவர். கூடத்தில் உட்கார்ந்து, தகப்பன் இப்படி இருக்கையில் கல்யாணம் ஆகாத பெண்ணைக் கடல் தாண்டி அனுப்புவது நடக்காத காரியம் என்று அம்மாவிடம் எடுத்துச் சொன்னார். நான் பேசினேன், அவர் கேட்டுக்கொள்ளவில்லை. “அவன் வாய் தொறந்து சொல்ற நெலமைல இல்ல. அவன் எடத்துல நின்னு நான்தான சொல்லணும்” என்றார். நைனா அவருக்கு எட்டடி தூரத்தில் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். பெரியப்பா ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. இத்தனை நாள் பயிற்சியும் வீண், இனி என் விஷயத்தில்கூட அவரை யாரும் கேட்கப்போவதில்லை என்று நினைத்தபோது எனக்கு ஜப்பானே வேண்டாம் என்று தோன்றியது.

நைனா விரலால் நாற்காலிக் கையில் தட்டினார். “அ” என்றார். பெரியப்பா, பாவம் தண்ணி கேக்குறான் என்றார். நான் எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“இருங்க, அவரு இன்னும் முடிக்கல” என்றாள்.

நைனா வாயோரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். துடைத்தார். அந்த ஒகரத்துக்காக உதட்டைத் திரட்டுகிற வேலையை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓகாரத்துக்கு உரிய இரண்டு பங்கு நேரத்தையும் முழுதாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஒலியாகச் சொன்னார்.

“அவ... போஓ...வா.”

பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் பழக்கம் போகவில்லை, அம்மாவைப் பார்த்து, “இன்னா சொல்றான்?” என்றார்.

“என்ன எதுக்கு கேக்குறீங்க? எதிர்லதான உக்காந்துகினு இருக்காரு” என்றாள் அம்மா.

பெரியப்பா எழுந்து, தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் நைனாவுக்கு நேர் எதிரில் முழங்கால் இடிக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தார். கத்தவில்லை. தம்பியிடம் பேசுகிற சாதாரணக் குரலில், “எந்த மாசம் அனுப்பலாம்னு நெனைக்கிற?” என்று கேட்டார். நைனா யோசித்தார். நாங்கள் காத்திருந்தோம்.