இரண்டு கையிலும் பை

என் மாமனார் ஒரு குழந்தையின் கையைப் பிடித்தால் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கும். அரியமங்கலத்தில் முப்பது வருடம் லேத் பட்டறை நடத்திய கை. ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டிலிருந்து கோயிலுக்குப் பத்து நிமிட நடைதான். அதற்குள் என் மகள் நாலு தடவையாவது "தாத்தா, வலிக்குது" என்று சிணுங்குவாள். "வலிக்கட்டும்" என்பார் அவர்.

அந்தப் பிடிக்கு ஒரு காரணம் உண்டு. என் கணவர் ஏழு வயதில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் தொலைந்துபோய், கொடிமரத்தடியில் கிடைத்தாராம். அன்றிலிருந்து வீட்டில் அது சட்டமாகிவிட்டது. "தொலைஞ்சுட்டா அழக்கூடாது, எங்களைத் தேடி அலையக்கூடாது. கொடிமரத்துக்கிட்ட போய் நில்லு, நாங்க வந்துருவோம்." யார் வந்தாலும் காபியோடு இந்தக் கதையும் வரும். எனக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

போன வருடம், சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் எங்கள் எல்லோரையும் ஒரு வாரம் வந்து இருக்கச் சொன்னாள். நான், கணவர், ஆறு வயது மகள், அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த மகன், மாமனார், மாமியார். மாமனார் வாழ்க்கையில் முதல்முறையாக ஷூ வாங்கினார். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே அதைப் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்து பழகினார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்தப் பயணத்தில் இஷ்டமே இல்லை. இரண்டு பெரியவர்கள், இரண்டு சிறுசுகள், நடுவில் நான் என்று கிளம்பும்போதே மனதுக்குள் புலம்பிக்கொண்டிருந்தேன். போன இடத்தில் மாமியார் எஸ்கலேட்டர் பக்கமே வரமாட்டேன் என்றார். மாமனாரோ ஒவ்வொரு படிக்கட்டிலும் நின்று கைப்பிடிக் கம்பியைத் தடவி, "என்ன ஃபினிஷிங் பாரும்மா" என்று என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். புது இடம் என்று மகன் தூங்கவே இல்லை. மூன்றாம் நாள் யாராவது "ம்" என்றாலே கடித்துக் குதறும் நிலையில் இருந்தேன்.

அன்று கடலோரத்தில் ஒரு பெரிய மாலுக்குப் போனோம். கணவரும் நாத்தனாரும் டிக்கெட் வாங்கப் போயிருந்தார்கள். உள்ளே இருந்த நீரூற்றுக்கு முன்னால் மாமனாரையும் மாமியாரையும் நிற்கவைத்து, மகனை இடுப்பில் இடுக்கியபடி ஒரு போட்டோ எடுத்தேன். எடுத்துவிட்டுத் திரும்பினால் மகளைக் காணோம்.

அந்தக் கூட்டத்தில் அவளுடைய மஞ்சள் கவுன் எங்குமே தெரியவில்லை. அதற்குள் கணவர் வந்துவிட்டார். "யார்கிட்ட விட்ட?" என்றார்.

அந்தக் கேள்வியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. ஏனென்றால் யோசிக்காமல் பதில் சொன்னேன். "உங்க அப்பாகிட்டதான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. "ஒரு குழந்தை கையைப் புடிச்சுக்கத் தெரியல. இந்த லட்சணத்துல இவ்வளவு தூரம் உங்களை யாரு வரச் சொன்னா?" என்று மாமனார் முகத்தைப் பார்த்தே கேட்டேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவரை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் கையிலிருந்த பைகளைக் கீழே வைத்தார். வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகு என் கணவரிடம், "இங்க கொடிக்கம்பம் எங்கயாவது இருக்கா பாருப்பா" என்றார்.

"இது ஸ்ரீரங்கம் இல்ல மாமா!" என்று கத்தினேன். போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாத்தனார் ஓடிப்போய் அறிவிப்புக் கொடுத்தாள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் என் மகளின் பெயரை மூன்று தடவை மூன்று விதமாகச் சொன்னாள். அப்படிச் சொன்னால் என் பெண்ணுக்கு எப்படிப் புரியும் என்று எனக்கு அழுகையாக வந்தது. அரைமணி நேரத்துக்கு மேல் கழித்துக் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாலுக்குப் பக்கத்து ஹோட்டல் வாசலில் வரிசையாகப் பல நாட்டுக் கொடிகள் பறந்துகொண்டிருந்தனவாம். அதில் ஒரு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழாமல் நின்றிருக்கிறாள்.

"எந்தக் கொடிமரம்னு தெரியலம்மா, அதான் பெருசா இருந்ததுல நின்னேன்" என்றாள்.

அவளை அணைத்துக்கொண்டு அழுது தீர்த்தேன். மாமனாரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீதி நாட்களில் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நடந்தார். பேத்தி கையை நீட்டியபோதெல்லாம் "அம்மாகிட்ட போ கண்ணு" என்றார்.

திருச்சிக்குத் திரும்பிய பிறகு, பிரிண்ட் போடுவதற்காக போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீரூற்றுப் படம் வந்தது. மாமனார் சிரித்துக்கொண்டு நிற்கிறார். இடது கையில் டயப்பர் பை, வலது கையில் புளியோதரைப் பை. இரண்டையும் மாட்டிவிட்டது நான். படத்தின் ஓரத்தில் மஞ்சள் துணி ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. மகள் குறுக்கே வந்து நின்றாள். "நீ தள்ளுடி, தாத்தா பாட்டிய மட்டும் எடுக்கறேன்" என்று விரட்டினேன். அவள் தள்ளிப் போனாள்.

அந்தப் படத்தை அழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குக் கிளம்பும்போது மகள் மறுபடியும் தாத்தாவிடம் கையை நீட்டினாள். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மற்றவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டுப் போனை அவரிடம் நீட்டினேன்.

"மாமா, இதைப் பாருங்க. உங்க ரெண்டு கையிலயும் பை. நான்தான் குடுத்தேன். அவளைத் தள்ளிப் போகச் சொன்னதும் நான்தான். உங்க மேல தப்பே இல்ல. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"போட்டோவுல அத்தை நல்லா விழுந்திருக்கா" என்றார்.

"மாமா..."

"இது முன்னாடி எடுத்ததும்மா. அப்புறம் ரெண்டு பையையும் ஒரு கைக்கு மாத்திக்கிட்டு அவளைப் புடிச்சேன். இந்தக் கைதான்." வலது கையை என் முன்னால் விரித்தார். "வேர்த்திருந்துச்சு. அவ விரல் நழுவினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"அப்படி நடக்கவே இல்ல மாமா."

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். என்னைச் சமாதானப்படுத்துவதுபோல லேசாகச் சிரித்தார்.

"விடும்மா. நீ அன்னைக்குக் கேட்டது நியாயம்தான்."