பெருவிரலும் சென்றியும்

மெடிக்கல் ரெப் வேலைக்கு வாயும் காலும்தான் முதல். வாய் பிசகினால் சாம்பிள் மருந்தை நீட்டிச் சமாளிக்கலாம், கால் பிசகினால் வீட்டில் குந்த வேண்டியதுதான்.

ஆமிக்கும் தமிழ் இயக்கத்துக்கும் சண்டை நடந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து தலைநகருக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்துகொண்டு, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், புதுக்கடைப் பக்கம் டொக்டர்மாரையும் பார்மசிகளையும் தேடி நாள் முழுக்க நடப்பேன். கழுத்தில் டை, காலில் முன்பக்கம் ஒடுங்கின கறுப்புச் சப்பாத்து. இரண்டும் கம்பனிச் சட்டம். அந்தச் சப்பாத்துக்குள்ளேதான் என் வலது பெருவிரல் நகத்தின் ஒரு மூலை சதைக்குள் இறங்கத் தொடங்கியது. இந்த வருத்தம் வந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. போர்வை நுனி பட்டாலே கண்ணில் தண்ணி வரும். வராதவர்கள் தயவுசெய்து “நகம்தானே” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உப்புத் தண்ணி

கொட்டாஞ்சேனையில் ஒரு லேடி டொக்டர். இருமல் மருந்தைப் பற்றி நான் புளுகிக்கொண்டு நிற்க, அவர் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். இளஞ்சூட்டு உப்புத் தண்ணியில் காலை வைத்திரு, நகத்தை வளைத்து வெட்டாதே, நேராக வெட்டு, சப்பாத்தை விட்டு முன்பக்கம் திறந்த செருப்புப் போடு என்றார். சல்லிக்காசு வாங்கவில்லை, நல்ல மனுசி.

உப்பும் தண்ணியும் என் கையில். செருப்பு மனேஜரின் கையில். போய்க் கேட்டேன். மனேஜர் டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “செருப்போட நிண்டு விக்கிறதெண்டால் மருந்து ஏன் ஐசே, மரக்கறி வியும்.”

தேசிக்காய்

நான் இருந்த வீட்டுக்கார அன்ரியும் யாழ்ப்பாணம். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் என்பதால் அவரிடமிருந்த வைத்தியம் முழுக்க எனக்குத்தான் விழுந்தது. ஒரு தேசிக்காயில், அதுதான் எலுமிச்சங்காயில், ஓட்டை போட்டு, உள்ளே மஞ்சளைத் தடவி, பெருவிரலில் தொப்பி மாதிரி மாட்டிவிட்டார். அப்படியே படுக்க வேண்டுமாம். பட்ட எரிவை எழுத்தில் சொல்ல ஏலாது.

காலையில் தேசிக்காயைக் கழற்றினால் விரல் மஞ்சளாக இருந்தது, நகம் இருந்த இடத்திலேயே இருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். அன்ரி கொஞ்சமும் அசையவில்லை. “அப்ப இது நகச்சுத்து இல்லைத் தம்பி. அதை முதலே சொல்லியிருக்கலாமே.”

பஞ்சு

கிராண்ட்பாஸில் பார்மசி வைத்திருந்த ஹாஜியாருக்கும் இதே வருத்தம் முன்பு வந்ததாம். அவர் சொல்லித்தர, நக மூலையை மெல்லத் தூக்கி அதன் கீழே துளிப் பஞ்சைச் செருகினேன். பஞ்சு நகத்தைச் சதையிலிருந்து தூக்கிப் பிடிக்கும், நகம் வளர்ந்து வெளியே வந்துவிடும். உண்மையாகவே சுகமாக இருந்தது. ஆனால் மட்டக்குளி பஸ்ஸில் ஒரு தடித்த மனுசன் அதே விரலில் ஏறி நின்றார். பஞ்சு எங்கே போனதோ தெரியாது. விரல் வீங்கிச் சீழ் கட்டியது, நான் நொண்டத் தொடங்கினேன்.

வலியை விட நொண்டல்தான் எனக்குப் பயம். அந்த நாளில் சென்றியில், வீதியை மறித்துச் சோதிக்கிற இடத்தில், நிற்கிற ஆமிக்காரன் யாழ்ப்பாணத்துப் பெடியனிடம் காயமோ தழும்போ கண்டால், இயக்கத்தில் சண்டை பிடித்துப் பட்டதோ என்று “எங்கே பட்டது?” என்பான். நம்புகிற மாதிரிப் பதில் வராவிட்டால் பொலிஸ்தான். என் பக்கத்து அறைப் பெடியனை முழங்கால் தழும்புக்காகக் கொண்டுபோனார்கள். சின்ன வயதில் சைக்கிளால் விழுந்த தழும்பு அது. அவன் திரும்பி வந்த பிறகு நீளக் காற்சட்டை இல்லாமல் கிணற்றடிக்கும் போகமாட்டான். ஹாஜியார் என்னைக் கடை வாசலில் நிறுத்திச் சொன்னார்: “மகன், வலிச்சாலும் நேரா நடங்க. சந்தியில நிக்கிறவன் காலைத்தான் பாக்கிறான்.”

கத்தரிக்கோல்

கடைசியில் புதுக்கடைப் பக்கம் ஒரு சத்திரசிகிச்சை டொக்டர். சீழுக்குக் குளிசை தரலாம், வற்றும், ஆனால் திரும்ப வரும் என்றார். விரலை விறைக்கச் செய்து, நகத்தின் ஓரத்தை நீளமாக வெட்டி எடுத்து, அந்த இடத்து வேரை மருந்து வைத்துக் கருக்கினால் பிறகு தொல்லையே இல்லையாம். மற்றவர்கள் நோகுமா என்று கேட்பார்கள். நான், கட்டு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்டேன். அவர் பேனையை வைத்துவிட்டு, எந்தச் சென்றியால் போவீர் என்று கேட்டார்.

பயத்தில் தள்ளிப் போட்டேன். பிறகு சப்பாத்துக்குள் கால் போகவே மறுத்தது. மனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டு செருப்புக்குச் சம்மதித்தார், நான் நகத்தை வெட்டப் போனேன். நோவெல்லாம் விறைப்பு ஊசியோடு சரி, பிறகு ஏதோ இழுக்கிற மாதிரி மட்டும். முடிந்ததும் டொக்டர் வெட்டின நகத்துண்டைக் கழுவி, நானே கொடுத்த சாம்பிள் போத்தல் ஒன்றுக்குள் போட்டு மூடி என் சட்டைப் பையில் வைத்தார். “வெடி பட்ட காயமெண்டு நினைச்சாங்களெண்டால் இதைக் காட்டும்.”

சார்ஜன்ட்

வீடு திரும்பும் வழியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். டை கட்டின ஒருவன், ஒரு காலில் சப்பாத்து, மறுகாலில் றப்பர் செருப்பு, தேசிக்காய் அளவு கட்டு, அதில் இரத்தப் பொட்டு. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். இளம் ஆமிக்காரன் கட்டை அவிழ்க்கச் சொன்னான். நான் சட்டைப் பையில் கையை விட்டேன். “நியபொத்த, நியபொத்த” என்று நகத்துக்கு எனக்குத் தெரிந்த சிங்களத்தைச் சொல்லிப் போத்தலை நீட்டினேன். அவன் அதை வெயிலில் பிடித்துப் பார்த்து, குலுக்கி, சார்ஜன்டைக் கூப்பிட்டான்.

சார்ஜன்ட் போத்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தன் வலது பூட்ஸைப் பார்த்தார். “உப்புத் தண்ணி வைச்சியா மல்லி?” என்று சிங்களத்தில், தம்பி முறை வைத்துக் கேட்டார். வைத்தேன் என்றேன். தேசிக்காய்? அதுவும். பஞ்சு? அதுவும். ஊசி நோகுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார், கொஞ்சம்தான் என்றேன். பஸ் சனம் முழுக்க வெயிலில் நின்றது. அட்டையைத் திருப்பித் தந்தார், போத்தலைத் தரவில்லை. பூட்ஸ் போடாமல் நிற்க அவருடைய பெரியவர் விடுகிறாரில்லையாம், வெட்டுவதற்கு லீவும் இல்லையாம், இதைக் கொண்டுபோய்க் காட்டப்போகிறாராம். வெள்ளவத்தையில் இன்னொரு சென்றி இருக்கிறதே, அங்கே நான் எதைக் காட்டுவது என்று கேட்டேன். அவர் போத்தலைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். “கேட்டால் சொல்லு மல்லி, நகம் என்னட்ட இருக்கெண்டு.”

வெள்ளவத்தையில் அன்று ஒருவரும் கேட்கவில்லை, நகமும் இன்றுவரை உள்ளே வளரவில்லை, ஆனால் காயம் ஆறிப் பல காலத்துக்குப் பிறகும் சென்றியைக் கண்டால் நான் இல்லாத நொண்டலை மறைத்துக்கொண்டுதான் நடந்தேன்.