பெரியப்பாவின் முக்தியார்

என் பெரியப்பாவுக்கு வாதம் வந்து வலக்கையும் பேச்சும் போயின. புத்தி போகவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் அவசரம்.

பெருமாட்டியில் அவருக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும். பக்கத்துத் தோட்டக்காரர், கிணற்றில் எங்களுக்குப் பங்கே இல்லை என்று சித்தூர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார். பெரியப்பா கூண்டேறிப் பதில் சொல்லியாக வேண்டும். முடியாவிட்டால் அவருக்குப் பதிலாக நிற்க ஒருவருக்கு அவர் முக்தியார் எழுதித் தர வேண்டும் என்றார் வக்கீல். அதிகாரம் கொடுக்கும் பத்திரத்துக்கு அங்கே அதுதான் பெயர். அவருடைய பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். மிச்சம் பெரியம்மாதான். தோப்பை அதுவரை நடத்தி வந்ததும் அவர்தான்.

நான் அப்போது கோயமுத்தூரில் ஒரு பத்திரிகையில் வேலையில் இருந்தேன். லீவு போட்டு வந்தேன். சித்தூர் தாலுக்கா அப்போது திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. பத்திரம் மலையாளத்தில் எழுதப்பட்டது. எழுதியவர் அதைப் படித்துக் காட்டிவிட்டு, பதிவு ஆபீசுக்கு ஆளைக் கூட்டி வரச் சொன்னார். டாக்டரோ, வண்டியில் குலுங்கினால் இன்னொரு தடவை வரும் என்று எச்சரித்திருந்தார்.

பெரியம்மா பதிவு ஆபீசுக்கு மூன்று முறை போய் வந்தார். குமாஸ்தா ஒவ்வொரு முறையும் ஆளைக் கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். நாலாம் முறை நானும் போனேன். வரவே முடியாதவர்களுக்கு என்ன வழி என்று கேட்டேன். டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு மனுக் கொடுத்தால் ரிஜிஸ்திரார் வீட்டுக்கே வருவார் என்று, அது ஊரறிந்த செய்தி போலச் சொன்னார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று பெரியம்மா கேட்டதற்கு, நீங்கள் அதைக் கேட்கவில்லையே என்றார்.

மனுக் கொடுத்த பிறகு காத்திருப்பு. இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பெரியம்மா எழுந்து போனார். இடையிடையே பெரியப்பாவிடம் வந்து எதையாவது கேட்பார். அவர் இடக்கையால் பதில் காட்டினால் திரும்பவும் வாசலுக்குப் போவார்.

ரிஜிஸ்திரார் வந்த நாளில் வீட்டில் இடமில்லை. எங்கள் பக்கத்தில் நல்லது கெட்டது எதையும் பங்காளிகள் இல்லாமல் செய்வதில்லை. எல்லோரும் வெளுத்த வேட்டியில் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பெரியப்பாவுக்குத் தம்பி முறையான மூத்த பங்காளி தலைமாட்டில் நின்று பெரியப்பாவின் முதுகைத் தாங்கிக்கொண்டார். ரிஜிஸ்திரார் பெரியப்பாவைப் பார்த்து, இது யாருடைய வீடு என்று கேட்டார்.

"அவிய ஊடுதானுங்க," என்றார் மூத்த பங்காளி.

யாருக்கு அதிகாரம் கொடுக்கிறார் என்ற கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். அவர் மனதில் கள்ளம் இல்லை. பேச முடியாத அண்ணனுக்காகப் பேசுவது தம்பியின் கடமை. ஆனால் ரிஜிஸ்திரார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

"அவர் பறயட்டே. நிங்கள் பறயண்டா," என்று மலையாளத்தில் தடுத்தார்.

அவருக்கு வாய் வராது என்று நாலு பேர் ஒரே சமயத்தில் விளக்கினார்கள். ரிஜிஸ்திராரின் முகம் இன்னும் இறுகியது. கூட்டமாக நின்று நோயாளியிடம் பெருவிரல் ரேகை வாங்கும் வீடுகளை அவர் பார்த்திருப்பார். அடையாளம் சொல்ல இரண்டு சாட்சிகள் தவிர மற்றவர்கள் வெளியே போகாவிட்டால் தாம் திரும்பிவிடுவதாகச் சொன்னார். பெரியம்மாவும் போக வேண்டும்.

"நாங்க இல்லாம ஒரு காரியமுங்களா?" என்று மூத்த பங்காளி நகராமல் நின்றார்.

பெரியம்மா அவரைப் பார்த்தார். "கொழுந்தனாரே, மொதல்ல வெளிய வாங்க. கோவத்த அப்பறமா களத்துல வெச்சுக்கலாம்," என்று முன்னால் நடந்தார். ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

நான் சாட்சியாக உள்ளே இருந்தேன். இன்னொரு சாட்சி பள்ளிக்கூட வாத்தியார். ரிஜிஸ்திரார் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு, மலையாளமும் தமிழுமாக மெதுவாகக் கேட்டார். தோப்பு எந்தத் திசை? இடக்கை கிழக்கே நீண்டது. மனைவிக்குக் கொடுக்கச் சம்மதமா? தலை அசைந்தது. பங்காளிகள் யாருக்காவது கொடுப்பீர்களா? பெரியப்பா சத்தமில்லாமல் சிரித்தார். வாதம் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ரேகை வைத்தார். பத்திரம் பதிவாகிவிட்டது.

பெரியம்மா முக்தியாருடன் கோர்ட்டில் கூண்டேறினார். எதிர்வக்கீல் கிணற்றைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. உங்கள் கணவருக்கு இன்றைக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்றுதான் கேட்டார்.

"காத்தால பொடி டப்பி காணோம்னு என்னையத்தானுங்க முறைச்சாரு," என்றார் பெரியம்மா. கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. முனிசீப் முக்தியாரை ஏற்றுக்கொண்டார். நேரமாகிவிட்டதால் வழக்கை அடுத்த வாய்தாவுக்குத் தள்ளினார்.

திரும்பும் பஸ்ஸில் பெரியம்மா சீட்டின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த வாய்தாவிலும் இதையே கேட்பார்களா என்றார். கேட்கலாம் என்றேன். அன்றைக்கு அவருக்கு நினைவு இல்லாமல் போயிருந்தால்? பத்திரம் எழுதியவரிடம் விசாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன். எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி மாறினால் முக்தியார் செல்லாது, கோர்ட்டில் வேறு மனுப் போட வேண்டும், அதற்கு மாதக்கணக்காகும்.

பெரியம்மா என் பக்கம் திரும்பினார்.

"நெனப்பு இருக்கறப்ப அவியளையே கேட்டுக்குவனே கண்ணு. இல்லாம போறப்பத்தான காயிதம் வேணும்?"

சட்டத்தில் அப்படி ஒரு பத்திரமே கிடையாது.

பஸ் முழுதாக நிற்பதற்குள் அவர் இறங்கிவிட்டார். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கட்டிலருகே குனிந்து, நாளைக்கு எந்த வயலில் ஏர் பூட்டுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா கைகாட்டினார். சரிதான் என்று தலையாட்டிய பெரியம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு, அதையே இன்னொரு தடவை கேட்டார்.