கேட்காமல் போன அழுகை

ஆனந்தவள்ளிக்குத் தராசே வேண்டாம். குற்றாலத்துப் பழக்கடையில் சீசனுக்குச் சீசன் மங்குஸ்தானும் ரம்புட்டானும் அள்ளி அள்ளிக் கை பழகிவிட்டது. கிலோ என்றால் கிலோதான், ஒரு பழம் கூடாது, குறையாது. அதனால் வயிற்றுப் பிள்ளை நாலு கிலோவைத் தாண்டும் என்று ஸ்கேனில் சொன்னபோது, அவள் கைகள்தான் முதலில் அதைத் தூக்கிப் பார்த்தன. நல்ல கனம்தான்.

மற்றவர்களுக்கு அது கவலை. மூத்தவள் பேராச்சியை ஆபரேஷன் செய்துதானே எடுத்தார்கள், இதையும் அப்படியே எடுத்துவிடலாம் என்றான் புருஷன் சங்கிலிப்பாண்டி. ஆலங்குளத்தில் போலீஸ்காரன், வீட்டில் பல்லியைக் கண்டால் பயப்படுவான். ஆனந்தவள்ளி மட்டும் சுகப்பிரசவம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

காரணம் இதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால், பகல் முழுக்க வலித்தும் பேராச்சி இறங்கவில்லை. பிள்ளையின் இதயத்துடிப்பு குறைய, அவசரமாக முழு மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். அவள் கண்விழித்தபோது சொந்தபந்தம் எல்லாம் பிள்ளையைப் பார்த்து முடித்திருந்தது. புருஷனின் அக்காள் கல்யாணசுந்தரி சீனித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் தடவிச் சேனையும் வைத்துவிட்டாள். சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். பேராச்சி சிரித்தாலும் அடம்பிடித்தாலும், “யாரு சேனை வச்ச பிள்ளை?” என்பாள் கல்யாணசுந்தரி. பெற்றவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். பத்து மாதம் சுமந்தும் அந்த முதல் அழுகையைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லையே என்ற ஏக்கத்தை யாரிடம் போய்ச் சொல்வது? கடைக்கு வருகிறவர்கள் இடுப்பில் கைக்குழந்தை வீறிட்டால், பழம் அள்ளுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே நிற்பாள்.

தென்காசியில் டாக்டர் ஜோதிலட்சுமி பொறுமையாகச் சொன்னார். சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கலாம்; பழைய தையல் விட்டுப்போவது அபூர்வம், ஆனால் விட்டுவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. ஸ்கேன் சொல்லும் எடை முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் போன தடவையே பிள்ளை இறங்கவில்லை; இந்தப் பெரிய பிள்ளை இறங்குமா என்பது சந்தேகம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில்தான் ஆனந்தவள்ளி வாயைத் திறந்தாள்.

“பிள்ள மொதல்ல அழுதத நான் கேக்கணும் டாக்டரம்மா. அதுக்குத்தான் நார்மல்னு நிக்கேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “பாதில அவசரமா எடுக்க வேண்டி வந்தா, திரும்பவும் முழு மயக்கம் கொடுக்க வேண்டி வரலாம்மா. முன்னாலயே நாள் குறிச்சு எடுத்தா பெரும்பாலும் முதுகுல ஊசிதான். முழிச்சிருப்பீங்க. எதுன்னாலும் நீங்க யோசிச்சுச் சொல்லுங்க.”

திரும்பும்போது பஸ் ஜன்னலில் சாரல் அடித்தது. வலித்து, முக்கி, தானே பெற்றெடுக்க வேண்டும் என்ற ஆசையும் அவளுக்கு இருந்தது. குற்றாலம் வருவதற்குள் அதற்காக அழுது தீர்த்துவிட்டு, நாள் குறிக்கச் சொல்லிப் புருஷனுக்குப் போன் போட்டாள். பிள்ளைக்குத் தாய்ப்பால்தான், சீனித் தண்ணீர் கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதில் கல்யாணசுந்தரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் அன்று பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் ஏதோ இழுபட்டது. ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு அழுதான். நாலு கிலோ நூறு கிராம் பயல், தியேட்டரே அதிர அழுதான். நர்ஸ் அவனைக் கொண்டுவந்து அவள் கன்னத்தோடு வைத்தாள். சந்தோஷத்தில் அழுதவளுக்கு, நடுவிலேயே அழுகையின் காரணம் மாறிவிட்டது. இதைக் கேட்ட பிறகுதானே, அன்று கேட்காமல் போனது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

வார்டுக்கு வந்து பால் கொடுத்து முடித்ததும், பக்கத்தில் இருந்த கல்யாணசுந்தரியிடம் கேட்டாள்.

“மதினி, அன்னைக்குப் பேராச்சி எப்படி அழுதா?”

நாலு வருஷத்தில் அவள் இதைக் கேட்டதே இல்லை. கல்யாணசுந்தரி பிள்ளையின் துணியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

“மொதல்ல கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். பூனக்குட்டி கணக்கா ரெண்டு தடவ முனங்குனா. பொறவு நான் சேனை வச்சேம்லா, அதத் துப்பிட்டுத்தான் ஓன்னு கத்துனா. யாரு தூக்கியும் அடங்கல. என் சேனை, என் சேனைன்னு பீத்திட்டுத் திரியுதேன், அவ அத முழுங்கவே இல்லட்டி. ஒன்னத்தான் தேடிருக்கா.”

ஆனந்தவள்ளி அதே மாதிரி அழுது காட்டச் சொன்னாள். கல்யாணசுந்தரி கூச்சத்தோடு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முந்தானையை வாயருகே வைத்துக்கொண்டு மெல்ல முனகினாள்.

ஆனந்தவள்ளி கண்ணை மூடிக் கேட்டாள்.

“இன்னொருக்கா, மதினி.”